மாசியில் மொட்டு, பங்குனியில் பூ: ஏற்காட்டுப் பூங்காப் பாத்திகளுக்கான முழு வழிகாட்டி

மார்கழிக் குளிர் போனால் பூ தானாக வரும் என்ற நம்பிக்கையில்தான் பல பூங்காக்களில் தை மாத வேலை தொடங்குகிறது. சேர்வராயன் மலையில் நிலத்தடிக் கிழங்குகளை எழுப்புவது பெரும்பாலும் தண்ணீர். அதுவும் தினசரித் தண்ணீர் அல்ல. பல வாரம் காய்ந்து கிடந்த மண்ணில் ஒரே மூச்சில் இறங்கும் முதல் தண்ணீர்.

எஸ்டேட்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. ஜனவரி முழுக்கக் காபிச் செடியில் மொட்டு சின்னதாக அப்படியே நிற்கும். மாசி, பங்குனியில் 25 மி.மீ. அளவுக்கு ஒரு மழை பெய்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளைப் பூவால் வெளுத்துப்போகும். மழை தவறினால் ஸ்பிரிங்க்ளர் வைத்து அதே விளைவை வரவழைக்கிறார்கள். பூங்காப் பாத்தியிலும் நாம் செய்யப்போவது இதுதான்: காயவிட வேண்டிய நாளில் காயவிட்டு, நனைக்க வேண்டிய நாளில் ஆழமாக நனைப்பது. பொதுப் பூங்காக்களில் இது தவறுவதற்கு முக்கியக் காரணம், காலையில் ஹோஸைப் பிடித்தால் எல்லாப் பாத்திக்கும் ஒரு சுற்று அடித்துவிட்டு வரும் பழக்கம். கிழங்குப் பாத்திகளுக்குத் தனி வால்வு இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வைத்துவிடுங்கள்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

டூலிப், டாஃபோடில், குரோக்கஸ் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அவற்றின் கிழங்குக்குள் பூத்தண்டு நீள 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் அந்தக் குளிரை நிலமே கொடுக்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஏற்காட்டின் குளிர்கால இரவு பொதுவாக 10 டிகிரிக்கு மேல்தான் நிற்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஏமாற்றிப் பூக்க வைக்கலாம். ஒரு முறை பூத்த பிறகு கிழங்கு வீண். வருடா வருடம் வாங்கும் பணம் பூங்காவுக்குக் கட்டுப்படியாகாது.

இந்த மலைக்கு ஒத்துவருபவை நான்கு: நர்சரிகளில் அமரிலிஸ் என்று விற்கும் ஹிப்பியாஸ்ட்ரம், இளஞ்சிவப்பு மழை லில்லி, கிளாடியோலஸ், சித்திரை வைகாசியில் வரும் பந்து லில்லி. இடைவெளியை நிரப்பப் பெட்டூனியா, ஃப்ளாக்ஸ், டயாந்தஸ். ஆர்க்கிட் இங்கே பெரிய விஷயம்தான். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டமே ஏற்காட்டில் இருக்கிறது. ஆனால் அது பாத்திப் பூ அல்ல, தனிக் கலை. காட்டு மரத்தில் இருப்பதைப் பிய்த்து வந்து பூங்கா மரத்தில் கட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

நாள் கணக்கு

பூ வேண்டிய தேதியை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். மலைப் பூங்காக்களின் வேலைத் திட்டம் மே மாதக் கோடை விழாவை நோக்கியே ஓடும். அதனால் மாசி, பங்குனியில் வருகிறவர்கள் வெறும் கொத்திப்போட்ட மண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரண்டுக்கும் ஒரே பாத்தியை நம்பாதீர்கள்.

மார்ச் முதல் வாரத்தில் அமரிலிஸ் பூக்க, கிழங்கு நவம்பர் தொடக்கத்தில் மண்ணைவிட்டு வெளியே வர வேண்டும். மீண்டும் நடுவது ஜனவரி 10 முதல் 15. மார்ச் கடைசியில் பூக்க, மண்ணிலேயே விட்டு டிசம்பர் 15 முதல் காயவிட்டு, பிப்ரவரி 1 அன்று முதல் தண்ணீர். கிளாடியோலஸ் கிழங்கை டிசம்பர் 10 முதல் பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக நடலாம்; மலைக் குளிரில் 80 முதல் 90 நாள் எடுக்கும். மழை லில்லிக்கு நனைத்த ஒரு வாரத்தில் பூ. பெட்டூனியாவுக்கு விதையிலிருந்து மூன்று மாதம் போல ஆகும் என்பதால் நவம்பர் கடைசியில் விதைப்பு முடிந்திருக்க வேண்டும்.

தேதிகளைத் தமிழ் மாதத்தில் சொன்னால்தான் வேலையாட்களுக்கு நினைவிருக்கும் என்றால் அப்படியே சொல்லுங்கள்: ஐப்பசிக் கடைசிவாக்கில் தோண்டு, கார்த்திகையில் விதை, மார்கழியில் தண்ணீரை நிறுத்து, தைப்பொங்கல் சமயத்தில் நடு.

பாத்தி

அகலம் 1.2 மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும். உள்ளே கால் வைத்தால் அன்றே பாதி முளை போச்சு. உயரம் 20 முதல் 25 செ.மீ. வடகிழக்குப் பருவமழையில் மலைச் சரிவின் மேற்பக்கத்திலிருந்து வரும் ஊற்றுநீர் பாத்திக்கு அடியில் தேங்கும். அதனால் மேற்பக்க ஓரத்தில் ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். கிழங்கு அழுகுவதில் பாதி இந்த வாய்க்கால் இல்லாததால்தான்.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. எம்-சாண்ட் பயன்படுத்தினால் சலித்துத் தூளை நீக்கிவிட வேண்டும். அந்தத் தூள் ஈரத்தில் சிமெண்டு போல இறுகும். சதுர மீட்டருக்கு வேப்பம்புண்ணாக்கு 150 கிராம். பத்துக் கிலோ தொழுஉரத்துக்கு 100 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் கலந்து, லேசாக நனைத்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் ஒரு வாரம் வைத்துப் பிறகு சேர்த்தால் வேரழுகல் குறையும்.

சேர்வராயன் மலை பாக்சைட் கிடைக்கும் மலை. மழை கரைத்து எடுத்துப்போன மண், புளிப்புத் தன்மை உள்ளது. மண் பரிசோதனையில் பி.எச். 5.5-க்குக் கீழே வந்தால் சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கொத்திவிடுங்கள். இலக்கு 6 முதல் 6.5. சுண்ணாம்பையும் பச்சைச் சாணத்தையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். நடுவில் மூன்று வாரம் இடைவெளி கொடுங்கள்.

அமரிலிஸ்

இந்தக் கிழங்கில் அடுத்த ஆண்டின் பூ இந்த ஆண்டே உள்ளே உருவாகிவிடுகிறது. நான்கு இலை விரிந்தால் ஏறத்தாழ ஒரு மொட்டு உள்ளே வைக்கப்படும். ஆகவே பூ முடிந்ததும் அசிங்கமாக இருக்கிறது என்று இலையை அரிவாளால் சீவிவிடும் பூங்காவில் மறு வருடம் பூ வராது. அப்போது குறை சொல்லப்படுவது என்னவோ கிழங்கு விற்ற நர்சரிதான்.

வாங்கும்போது சுற்றளவு பாருங்கள். 24 செ.மீ.க்கு மேல், அதாவது குறுக்களவு ஏழரை செ.மீ. போல இருந்தால் ஒரு தண்டு உறுதி, இரண்டும் வரலாம். 20 செ.மீ.க்குக் கீழே உள்ளதைப் பின்வரிசைப் பாத்தியில் ஒரு வருடம் வளர்த்துத்தான் முன்னால் கொண்டுவர வேண்டும். அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; மெத்தென்று இறங்கினால் வாங்காதீர்கள்.

தோண்டி எடுக்கும் முறைக்கு நவம்பர் தொடக்கத்தில், வெயில் அடிக்கும் ஒரு நாளில் முட்கரண்டி மண்வெட்டியால் கிழங்கிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்தித் தூக்குங்கள். தடித்த வேர்களை வெட்டாதீர்கள். அவை செத்துப்போனவை அல்ல, மறுபடி வேலை செய்யும். இலை பச்சையாக இருந்தால் நிழலில் ஒரு வாரம் வாடவிட்டு, கழுத்துக்கு 5 செ.மீ. மேலே நறுக்குங்கள். மாங்கோசெப் பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2.5 கிராம் கலந்த கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, உலர்த்தி, தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். காற்றோட்டமுள்ள இருட்டுக் கொட்டகையில் எட்டு முதல் பத்து வாரம். ஏற்காட்டுக் கொட்டகையின் இயற்கைக் குளிர்ச்சியே இந்த ஓய்வுக்குப் போதும். மூட்டையில் கட்டிப் போட்டால் நடுவில் இருப்பவை வியர்த்து அழுகும்.

இந்தக் கிழங்கு பார்க்கப் பெரிய வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் நஞ்சு. தின்றால் கடும் வாந்தி வரும். வேலையாட்கள் சமைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நடும்போது கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுக்கப் புதைத்தால் கழுத்தில் தண்ணீர் நின்று அழுகும். இடைவெளி 30 செ.மீ. 1.2 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளமுள்ள பாத்தியில் நான்கு வரிசை, வரிசைக்கு 16 என்று 64 கிழங்கு வைக்கலாம்.

இனி முதல் தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது ஒரு மி.மீ. மழைக்குச் சமம். நமக்கு வேண்டியது 25 மி.மீ.; மேலே சொன்ன 6 சதுர மீட்டர் பாத்திக்கு 150 லிட்டர். உங்கள் ஹோஸ் 15 லிட்டர் வாளியை ஒரு நிமிடத்தில் நிரப்புகிறது என்றால் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். பூவாளியால் மேலாகத் தெளிப்பது கணக்கில் வராது. மேல் இரண்டு அங்குலம் நனைந்தால் வேர் விழிக்காது. மண் நீரை வாங்காமல் ஓடவிட்டால், ஐந்து நிமிடம், அரை மணி இடைவெளி, மறுபடி ஐந்து நிமிடம் என்று கொடுங்கள்.

அதற்குப் பிறகுதான் பொறுமை வேண்டும். மூக்கு, அதாவது முளையின் நுனி, வெளியே தெரியும்வரை மறுபடி ஆழமாக நனைக்காதீர்கள். விரலை விட்டுப் பார்த்து ஐந்து செ.மீ. ஆழத்தில் உலர்ந்திருந்தால் மட்டும் லேசாக. வேர் ஓடாத கிழங்கு கூடுதல் தண்ணீரைக் குடிக்காது, அதில் ஊறும்.

வெளியே வருவது இலையா பூவா என்பது முதல் நாளே தெரியும். இலையின் நுனி தட்டையாக, மழுங்கி, கழுத்தின் நடுவிலிருந்து வரும். பூத்தண்டின் நுனி தடித்து, ஈட்டிமுனை போல, பெரும்பாலும் ஒரு பக்கமாக ஒதுங்கி எழும். இலை முதலில் வந்துவிட்டால் உடனே கைவிட வேண்டாம். நான்கு வாரம்வரை தண்டு பின்னால் வரலாம்.

தண்டு 20 செ.மீ. ஆனதும் குச்சி கட்டுங்கள். தண்டின் உள்ளே குழல். ஏரிப் பக்கமிருந்து வரும் மாலைக் காற்றில் நான்கு பூவின் கனம் தாங்காமல் மடியும். குச்சியைக் கிழங்குக்கு வெளியே குத்த வேண்டும். கிழங்கு எங்கே முடிகிறது என்று தெரியாமல் குத்தி, நல்ல கிழங்கைப் பிளந்துவிடுவது வழக்கமான விபத்து. நடும் அன்றே குச்சிகளையும் ஊன்றிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

தண்டிலும் இலையிலும் சிவப்புப் புள்ளி தெரிந்தால் பதற்றம் வரும். இந்தச் செடியில் நகம் பட்டாலே சிவக்கும். பரவாத சிவப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் நீள்வட்டமாக, குழிந்து, அந்த இடத்தில் தண்டு வளைந்தால் அது செங்கருகல் பூஞ்சை. அந்தப் பகுதியை வெட்டி எரியுங்கள், கத்தியை ஒவ்வொரு செடிக்குப் பிறகும் ஸ்பிரிட்டில் துடையுங்கள், கழுத்தில் தண்ணீர் விழாமல் பாருங்கள். கோடை மழை விழுந்த பிறகு கருப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட லில்லிப் புழு கூட்டமாக வரும். இரண்டு மூன்று இரவில் பாத்தி மொட்டையாகிவிடும். காலையில் பொறுக்குவதே சிறந்த வழி. அதிகமாக இருந்தால், புழு சிறிதாக இருக்கும்போதே, புழுவைக் கொல்லும் பாக்டீரியாவான பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

மழை லில்லி

வெள்ளை ரகத்தை வாங்கிவிட்டு வசந்தத்தில் பூக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் அதிகம். வெள்ளை, ஆடிக்குப் பிறகு மழைக்காலத்தில் பூப்பது; அதற்கு ஈரமும் பிடிக்கும். பங்குனி, சித்திரைக்கு வேண்டியது அகல இதழ் இளஞ்சிவப்பு ரகம். 5 செ.மீ. ஆழம், 10 செ.மீ. இடைவெளி, சதுர மீட்டருக்கு நூறு கிழங்கு. நெருக்கமாக இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

மூன்று நான்கு வாரம் முழுக்கக் காயவிட்டு, சதுர மீட்டருக்கு 25 லிட்டர் ஒரே நாளில் கொடுத்தால் நான்கு முதல் ஏழு நாளில் மொட்டு மண்ணைப் பிளக்கும். பூ நிற்பது இரண்டு நாள்தான். பூங்காவுக்கு அது போதாது என்பதால் பாத்தியை மூன்று பட்டையாகப் பிரித்து, நடுவில் பலகையோ ஓடோ புதைத்து ஈரம் கசியாமல் தடுத்து, பத்து நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் நனையுங்கள். மூன்றாவது பட்டை பூத்து முடியும்போது முதல் பட்டை காய்ந்து மறு சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். நடுவில் கோடை மழை வந்தால் மூன்றும் சேர்ந்து பூத்துவிடும். அன்றைக்குப் பூங்காவுக்கு வந்தவர்களுக்கு அதிர்ஷ்டம், உங்கள் அட்டவணைக்கு அல்ல.

கிளாடியோலஸ்

குறுக்களவு 4 முதல் 5 செ.மீ. உள்ள, மேலே சிறு முளையும் அடியில் வேர்ப்புள்ளிகளும் தெரிகிற கிழங்கு மட்டும். இரண்டும் தெரியாதது இன்னும் உறக்கத்தில் இருக்கிறது. நட்டால் மே மாதம்தான் எழும். கார்பெண்டாசிம் பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம் கரைசலில் அரை மணி ஊறவைத்து, 8 செ.மீ. ஆழத்தில், செடிக்குச் செடி 15, வரிசைக்கு வரிசை 30 செ.மீ. விட்டு நடுங்கள்.

மூன்றாவது இலையிலிருந்து ஆறாவது இலைவரை தண்ணீர் தவறக் கூடாது. உள்ளே பூக்கதிர் உருவாவது அப்போதுதான். ஒரு வாரம் வாடினால் கதிரில் பூ எண்ணிக்கை குறையும், சில கதிர் வெளியே வராமலே கருகும். அமரிலிஸுக்குச் சொன்ன வறட்சி விதி இதற்குப் பொருந்தாது. ஆகவே இரண்டையும் ஒரே வால்வில் வைக்காதீர்கள். ஆறாவது இலையில் மண் அணைப்பு, இரண்டு பக்கமும் குச்சி நட்டு நூல். இலையில் வெள்ளிக் கோடு விழுந்தால் இலைப்பேன். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மி.லி., சோப்புக் கரைசலுடன்.

இலை நுனி மட்டும் காய்ந்து கீழே இறங்கினால் நோய் என்று மருந்து அடிக்காதீர்கள். கிளாடியோலஸுக்கு ஃப்ளோரைடு ஆகாது. சூப்பர் பாஸ்பேட்டில் அது இருக்கிறது. சேலம், தருமபுரிப் பக்கத்துப் பல போர் தண்ணீரிலும் இருக்கிறது. சூப்பருக்குப் பதில் எலும்புத்தூள் போடுங்கள், முடிந்தால் மழைநீர் ஊற்றுங்கள்.

பந்து லில்லியும் இடைநிரப்பிகளும்

பந்து லில்லிக்கு நீங்கள் செய்ய வேண்டியது, அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது. கார்த்திகைக்குப் பின் இலை மறைந்து, கோடை மழைக்குப் பிறகு வெறும் மண்ணிலிருந்து நேராகப் பூப்பந்து எழும். மாசியில் காலியாகத் தெரியும் அந்த இடத்தைப் புதிதாக வந்த வேலையாள் கொத்திவிட்டால் கதை முடிந்தது. இலை இருக்கும்போதே நான்கு மூலையிலும் சிமெண்டு முளைக்கல் நட்டு, பெயர் எழுதிவிடுங்கள். குச்சி போதாது, அடுப்புக்குப் போய்விடும்.

பெட்டூனியா விதைக்கு வெளிச்சம் வேண்டும். தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் மேலே தூவி, மண் மூடாமல் விடுங்கள். நாற்று கழுத்தில் கறுத்துச் சாய்ந்தால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் ஊற்றி, தண்ணீரைக் குறையுங்கள். பனிமூட்டக் காலை முடிவதற்குள் தண்ணீர் ஊற்றுவதுதான் இந்த நோய்க்கு வழிவிடுகிறது. பத்து மணிக்கு மேல் ஊற்றலாம்.

முளை தெரிந்த பிறகு கூட்டத்தைச் சமாளிப்பது

முளை இரண்டு செ.மீ. இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். பூத்த பிறகு மக்கள் ஒதுங்கி நடப்பார்கள், முளையை யாரும் பார்ப்பதில்லை. முழங்கால் உயரத்தில் கயிறு கட்டினால் குழந்தைகள் தாண்டுவார்கள். இடுப்பு உயரத்தில் ஒன்று, கணுக்கால் உயரத்தில் ஒன்று என இரண்டாகக் கட்டுங்கள். பாத்தியின் மூலைகளில் பாதை நேர்கோணமாக இருந்தால் எல்லாரும் குறுக்கே வெட்டித்தான் போவார்கள். மூலையை வளைத்துவிடுவது பலகை எழுதி வைப்பதைவிடப் பலன் தரும். படம் எடுக்க நிற்கும் இடம் ஒன்றை, பூவுக்கு ஒன்றரை அடி தள்ளி, கல் பாவி நீங்களே அமைத்துக் கொடுத்தால் பாத்திக்குள் கால் படாது.

குரங்குகள் அமரிலிஸைத் தின்னாது, ஆனால் பிடுங்கிப் பார்க்கும். நட்ட முதல் மூன்று வாரம் கோழிவலையைப் பாத்தியின் மேல் தட்டையாக விரித்து, கம்பியால் முளையடித்து வையுங்கள். முளை வலைக்கண்ணில் நுழைவதற்குள் எடுத்துவிட வேண்டும். கிளாடியோலஸ் கிழங்குக்கு எலியும் முள்ளம்பன்றியும் எதிரி; அதற்கு வலை மண்ணுக்கு அடியிலும் ஓரத்தில் ஒரு அடி இறங்கியிருக்க வேண்டும். மூடாக்காக சில்வர் ஓக் சருகு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் மக்க நாளாகும், இரண்டு செ.மீ.க்கு மேல் போடாமல், மூக்கு தெரிந்ததும் ஒதுக்கிவிடுங்கள்.

சேலம் நகரப் பூங்காவில்

மலைக்குக் கீழே இதே முறை ஓரளவுதான் பலிக்கும். உலர் ஓய்வு கொடுக்க முடியும், குளிர்ச்சி கொடுக்க முடியாது. அமரிலிஸ் பூக்கும், தண்டு குட்டையாகவும் நாள் குறைவாகவும் நிற்கும். மூன்று மணிக்கு மேல் நிழல் விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது 35 சதவீத ஷேட் நெட் போடுங்கள். கிளாடியோலஸை நவம்பரிலேயே நட்டு ஜனவரியில் பூவை முடித்துவிடுவது நல்லது.

வெள்ளைக்கல் எடுக்கும் சுண்ணாம்புக் கரட்டை ஒட்டிய பகுதிகளில் மண்ணும் தண்ணீரும் காரத்தன்மை உள்ளவை. இலை நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மஞ்சளானால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். இரும்பு சல்பேட் 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், ஒரு லிட்டர் நீரில் கலந்து பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலையில் தெளியுங்கள். இங்கே டோலமைட் போடவே கூடாது.

பூ முடிந்ததும்

அமரிலிஸில் வாடிய பூவை விதைப்பை கட்டும் முன் கிள்ளி, தண்டு மஞ்சளாகும்வரை விட்டு, பிறகு அடியில் வெட்டுங்கள். இலை அத்தனையும் இருக்கட்டும். ஜூன் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 5 கிராம் வேரில் ஊற்றலாம். ஜூலையிலிருந்து சாம்பல் சத்து மிகுந்த 13:0:45-க்கு மாறி, செப்டம்பர் கடைசியில் நிறுத்துங்கள். அதற்கு மேல் தழைச்சத்து கொடுத்தால் நவம்பரில் கிழங்கு உறங்க மறுக்கும். கிளாடியோலஸ் கதிரை வெட்டும்போது செடியில் குறைந்தது நான்கு இலை மிச்சம் இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் இலை மஞ்சளானதும் தோண்டி, அடியில் சுருங்கிய பழைய கிழங்கைத் திருகி எறிந்துவிட்டு, புதியதை நிழலில் உலர்த்தி, தவணை தேதி எழுதிய துண்டுச் சீட்டோடு வலைப்பையில் தொங்கவிடுங்கள்.